ரத்தத்தில் பத்து யூனிட்

ரத்தப் பரிசோதனைத் தாளில் அடுத்தடுத்து இரண்டு வரிகள் வருவதுண்டு. ஒன்று ‘ஹெச்பிஎஸ்ஏஜி’, மற்றது ‘ஆன்டி ஹெச்பிஎஸ்’. முதல் வரிக்கு எதிரே ‘பாசிட்டிவ்’ என்று இருந்தால் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்பில் இருக்கிறது என்று பொருள். இரண்டாவது வரிக்கு எதிரே அதே சொல் இருந்தால் அந்த வைரஸ் இனி உங்களை ஒன்றும் செய்யாது என்று பொருள். வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போய் வந்தவர்களிடம் முதல் வரியைப் பற்றிக் கேட்டால் உடனே சொல்வார்கள். அதில் பாசிட்டிவ் வந்தால் ‘அன்ஃபிட்’, விசா அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது வரியைத்தான் பலரும் கேள்விப்பட்டதில்லை. தாளைப் பார்த்து, நல்ல செய்தியைக் கெட்ட செய்தியாக நினைத்துக் கலங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் மாதிரியான இடத்தில் இந்த இரண்டாவது வரிக்கு வேலை அதிகம். இரும்பு, ஈயம், ரசாயனம், மருந்து என்று பல வகை ஆலைகள் அங்கே ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. 150 தொழிலாளிக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதைக் கையாளப் பயிற்சி பெற்ற ஒருவர், 500 பேருக்கு மேல் போனால் நர்ஸோடு ஆம்புலன்ஸ் அறை என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தொடங்கிவைத்த ஏற்பாடு. ரோலிங் மில்லில் சூடான கம்பி கையைக் கிழித்தால் முதலில் ஓடிவருவது டாக்டர் இல்லை, பக்கத்தில் நிற்கும் முதலுதவிக்காரர். அவர் கையில் படுவது இன்னொருவரின் ரத்தம். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தக் கறையில்கூட குறைந்தது ஒரு வாரம் உயிர்ப்போடு இருக்கும். ஆஸ்பத்திரிக் கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் இந்த நோய்க்குத் தடுப்பூசி போட்டாக வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் சொல்வதும் இதனால்தான். 2022 ஜனவரியில் திறந்த திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் படிக்கும் மாணவர்களும் இதே வரிசையில் வருகிறார்கள். இவர்கள் அத்தனை பேரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஊசி போட்டீர்கள் சரி, அது பிடித்ததா?

பிடித்ததா என்று ரத்தத்தைப் பார்த்தே சொல்ல முடிவதற்குக் காரணம், அந்த வைரஸுக்கு இருக்கும் ஒரு விசித்திரப் பழக்கம்.

இந்த வைரஸ் மிகச் சிறியது. அதன் மரபுக் குறிப்பு முழுவதையும் எழுத 3,200 எழுத்துகள் போதும்; மனிதனுக்கு 300 கோடி தேவை. முழு வைரஸின் குறுக்களவு 42 நானோமீட்டர். 1970இல் லண்டனில் டேவிட் டேன் என்பவர் மின்னணு நுண்ணோக்கியில் முழு உருவத்தைக் கண்டார். ஆனால் நோயாளியின் ரத்தத்தில் அவர் கண்டதில் பெரும்பகுதி முழு வைரஸ் அல்ல. 22 நானோமீட்டர் அளவில் உள்ளே ஒன்றுமில்லாத சிறு உருண்டைகள். பாம்பு உரித்துப் போட்ட சட்டை போல வெளித்தோல் மட்டும். கல்லீரல் செல்லுக்குள் புகுந்த வைரஸ், தனக்குத் தேவையானதைவிட ஆயிரம் மடங்கு, சில நேரம் லட்சம் மடங்கு சட்டைகளைத் தயாரித்து ரத்தத்தில் கொட்டுகிறது. நம் எதிர்ப்புப் படை அந்தக் காலிச் சட்டைகளின் மேல் பாய்ந்து களைத்துப்போக, அசல் வைரஸ் தப்பித்துக்கொள்கிறது. இப்படித்தான் பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் இதைப் புரிந்துகொள்கிறார்கள்.

ஹெச்பிஎஸ்ஏஜி என்பது இந்தச் சட்டையின் பெயர்தான். ஆன்டி ஹெச்பிஎஸ் என்பது சட்டையைப் பிடிக்க நம் உடல் செய்யும் ஆன்டிபாடி.

இதைக் கண்டுபிடித்தவர் வைரஸைத் தேடியவரே இல்லை என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். அமெரிக்காவின் பாரூக் ப்ளம்பெர்க், மனிதருக்கு மனிதர் ரத்தப் புரதங்கள் எப்படி வேறுபடுகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்கு அவர் பிடித்த வழி புத்திசாலித்தனமானது. ரத்தம் உறையாத நோய் உள்ளவர்களுக்கு அந்தக் காலத்தில் வாழ்நாள் முழுக்க ஊரார் ரத்தம் ஏற்றப்பட்டது. ஆகவே ஊரார் புரதங்களுக்கெல்லாம் அவர்கள் உடலில் ஆன்டிபாடி இருக்கும். அப்படிப்பட்ட நியூயார்க் நோயாளி ஒருவரின் ரத்தநீரை உலகின் பல மூலைகளிலிருந்து வந்த மாதிரிகளோடு கூழ்மத் தட்டில் சேர்த்துப் பார்த்தார். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் மாதிரியோடு சேர்ந்தபோது தட்டில் ஒரு கோடு விழுந்தது. 1965இல் அதை ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று எழுதினார். அது ஹெபடைட்டிஸ் பி வைரஸின் சட்டை என்று தெளிவாகப் பின்னும் சில ஆண்டுகள் ஆயின. அவருடைய ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் பார்பரா வெர்னர் 1967இல் கல்லீரல் அழற்சியால் படுத்தார். முன்பு நெகட்டிவாக இருந்த அவர் ரத்தம் இப்போது பாசிட்டிவ். வேலையிடத்தில் தொற்றிய நோய் ஒன்றுதான் முக்கியமான துப்புக் கொடுத்தது.

கவனித்தால், அந்த நியூயார்க் நோயாளியின் ரத்தத்தில் இருந்தது ஆன்டி ஹெச்பிஎஸ். நாம் இன்று தேடிப் பார்க்கும் அதே பொருள். நோய் இன்னதென்று தெரியும் முன்பே அதற்கான காப்பு கையில் கிடைத்துவிட்டது. ப்ளம்பெர்குக்கு 1976இல் நோபல் கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28தான் உலகக் கல்லீரல் அழற்சி நாள்.

வைரஸின் தந்திரமே பின்னர் அதற்கு எதிராகத் திரும்பியது. வைரஸ் இல்லாத காலிச் சட்டையை ஊசி வழியாகக் கொடுத்தால் நோய் வராது, ஆன்டிபாடி மட்டும் வரும் அல்லவா? 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் தடுப்பூசியில் நோய்த்தொற்று உள்ளவர்களின் ரத்தத்திலிருந்தே சட்டைகளைப் பிரித்துச் சுத்தப்படுத்தினார்கள். கேட்கவே உடம்பு சிலிர்க்கும். 1986இல் சட்டைக்கான மரபணுவை மட்டும் ஈஸ்ட்டுக்குள் வைத்து, அதையே தயாரிக்கவைக்கும் முறை வந்துவிட்டது. ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் அதே இனத்து நுண்ணுயிர். 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இந்தியாவிலேயே இதைச் செய்து சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு விலை சரிந்தது. அதுவரை வசதியானவர்கள் மட்டும் போட்டுக்கொண்ட ஊசி அது.

தடுப்பூசியில் சட்டை மட்டுமே இருப்பதால் ஒரு வசதி உண்டு. வைரஸின் உள்ளே இருக்கும் கருவுக்குத் தனி ஆன்டிபாடி இருக்கிறது. நோய் வந்து குணமானவர் உடலில் சட்டைக்கும் கருவுக்கும் ஆன்டிபாடி இருக்கும். ஊசி போட்டவருக்குச் சட்டைக்கு மட்டும்தான் இருக்கும், ஏனென்றால் அவர் உடல் கருவைக் கண்டதே இல்லை. நீங்கள் ஊசியால் காப்பு பெற்றீர்களா, உங்களுக்கே தெரியாமல் எப்போதோ நோய் வந்து போனதா என்று ஒரு சிறு குப்பி ரத்தம் சொல்லிவிடும். ஊசி போட்ட உடனே ஹெச்பிஎஸ்ஏஜி பார்த்தால் மட்டும் குழப்பம் வரலாம். உள்ளே செலுத்திய சட்டையே ரத்தத்தில் தென்பட்டு, இரண்டு வாரத்துக்கு மேல்கூட, போலியாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும். விசா மெடிக்கலுக்கு முந்தின நாள் ஊசி போட்டுக்கொள்வது நல்ல யோசனை அல்ல.

ரத்தத்தை நம்பாமல் கண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு கதை இருக்கிறது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம். கொடுத்த சில வாரங்களில் கண்ணின் மஞ்சள் போய்விடும். ஆனால் பெரியவர்களுக்கு வரும் ஹெபடைட்டிஸ் பி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு எதுவும் கொடுக்காவிட்டாலும் தானே போகக்கூடியது. ஆகவே கண் நிறத்தை வைத்து மருந்தை எடைபோட முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜனின் குழு சரியான கேள்வியைக் கேட்டது: நீண்ட காலமாக வைரஸைச் சுமப்பவர்களின் ரத்தத்திலிருந்து அந்தச் சட்டை மறைகிறதா? 1988 அக்டோபரில் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவில், கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு மறைந்திருந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். கட்டுரையாளர்களில் ஒருவர் அதே ப்ளம்பெர்க். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அப்படி மறையவில்லை. கீழாநெல்லி மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஒரு நாட்டு மருந்தை ரத்தத்தில் அளந்து பார்க்கத் துணிந்தார்கள். அதே அளவுகோலை வைத்துத்தான் பிறர் மறுக்கவும் முடிந்தது.

அந்த அளவுகோல் ஆய்வுக்கூடத்தில் எப்படி வேலை செய்கிறது? பிளாஸ்டிக் தட்டில் சிறு சிறு குழிகள். ஒவ்வொரு குழியின் சுவரிலும் வைரஸின் சட்டைப் புரதம் பூசியிருக்கும். அதில் உங்கள் ரத்தநீரை விடுகிறார்கள். ஆன்டிபாடிக்கு இரண்டு கைகள். உங்கள் ரத்தத்தில் அது இருந்தால் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்காததெல்லாம் கழுவலில் போய்விடும். அடுத்து, நொதி ஒட்டிய சட்டைப் புரதத்தை விடுகிறார்கள். மறு கை இதைப் பிடிக்கும். மீண்டும் கழுவல். கடைசியில் நொதியோடு சேர்ந்தால் நிறம் மாறும் திரவம் ஒன்று. முதலில் நீலம், அமிலம் விட்டு நிறுத்தியதும் மஞ்சள். எவ்வளவு அடர்த்தியான மஞ்சளோ அவ்வளவு ஆன்டிபாடி. காமாலை நோயின் பரிசோதனையில் மஞ்சள் நல்ல செய்தியாக வருவது ஒரு வேடிக்கை. எலைசா என்கிற இந்த முறை 1971இல் வந்தது. பெரிய லேப்களில் இப்போது நிறத்துக்குப் பதில் ஒளியை அளக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன; அடிப்படை மாறவில்லை.

எண்ணோடு சேர்ந்து வரும் அலகைப் பலரும் கவனிப்பதில்லை. மில்லி லிட்டருக்கு இத்தனை ‘மில்லி சர்வதேச யூனிட்’. ஆன்டிபாடியை மில்லிகிராமில் அளப்பதில்லை, ஏனென்றால் ஒவ்வொருவர் ஆன்டிபாடியும் சற்று வேறானது. எடை சமமாக இருந்தாலும் பிடிமானம் சமமாக இருக்காது. அதற்காக உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஒரு மாதிரி ஆன்டிபாடியைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, இதில் இத்தனை யூனிட் என்று வரையறுத்து வைத்திருக்கிறார்கள். இப்போதைய குப்பிகள் லண்டனுக்கு வடக்கே ஓர் ஆய்வகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. திருவள்ளூரில் தாளில் அச்சாகும் எண், படிப்படியாக அந்தக் குப்பிவரை போய்ச் சேர்கிறது.

அந்த எண் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் காப்பு உண்டு. இதுதான் உலகம் முழுக்கச் சொல்லும் எல்லை. யாரோ முழு எண்ணாக இருக்கட்டும் என்று தேர்ந்தெடுத்தது போலத் தோன்றும், அப்படியல்ல. 1980இல் நியூயார்க்கில் வொல்ஃப் ஸ்முனெஸ் 1,083 பேரிடம் செய்த சோதனையும் அதைத் தொடர்ந்தவையும் ஒன்றைக் காட்டின: ஊசி போட்ட பிறகும் நோய் வந்தவர்கள் அநேகமாக எல்லோருமே ஆன்டிபாடி அந்த அளவுக்கு ஏறாதவர்கள். பிரிட்டன் மட்டும் கொஞ்சம் கறார். அங்கே 100 இருந்தால்தான் முழுத் திருப்தி. 10க்கும் 100க்கும் நடுவே இருந்தால் இன்னொரு டோஸ். இங்கே 60 என்று நிம்மதியாக இருந்த நர்ஸ், லண்டனில் வேலைக்குச் சேர்ந்ததும் கையை நீட்ட வேண்டியிருக்கும்.

ஆனால் இந்த 10 என்பது எப்போது எடுத்த ரத்தத்தில் பார்க்கும் 10 என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சரியான நேரம் மூன்றாவது டோஸ் போட்டு ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள். அப்போது 10க்குக் கீழே இருந்தால் ஊசி பிடிக்கவில்லை என்று நம்பலாம். அதே எண் பத்து வருடம் கழித்து வந்தால் அதற்கு அந்தப் பொருளே இல்லை.

ஏன்? ஒரு ஆன்டிபாடி மூலக்கூறின் ஆயுள் மிகக் குறைவு. ரத்தத்தில் உள்ளதில் பாதி மூன்று வாரத்தில் அழிந்துவிடும். பத்து வருடத்துக்குப் பிறகு ரத்தத்தில் கிடைக்கும் ஒவ்வொரு ஆன்டிபாடியும் சமீபத்தில் செய்தது. எலும்பு மஜ்ஜையில் உட்கார்ந்திருக்கும் சில செல்கள் இன்னமும் அதைச் செய்துகொண்டிருக்கின்றன. அந்தச் செல்கள் குறையக் குறைய எண் இறங்கும். இன்னொரு கூட்டம், நினைவுச் செல்கள், எதையும் சுரக்காமல் சும்மா சுற்றிவரும். எலைசாவுக்கு அவை தெரியாது. வைரஸ் வந்தால் சில நாட்களிலேயே பெருகி ஆன்டிபாடியைக் கொட்டும். சில நாள் தாமதம் ஆபத்தில்லையா? இங்கேதான் வைரஸின் மந்தம் நமக்கு உதவுகிறது. ஃப்ளூ இரண்டு நாளில் படுக்கவைக்கும். ஹெபடைட்டிஸ் பி, உடம்புக்குள் வந்து நோயாக வெளிப்பட ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை எடுத்துக்கொள்ளும். நினைவுச் செல்களுக்கு அது போதும்.

அலாஸ்காவில் 1981இல் 15 கிராமங்களில் 1,578 பேருக்கு ஊசி போட்டு, அவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 30 ஆண்டுக்குப் பின் பரிசோதித்தவர்களில் 51 சதவீதம் பேருக்குத்தான் எண் 10ஐத் தொட்டது. மீதிப் பேரில் சிலருக்கு ஒரே ஒரு டோஸ் போட்டுப் பார்த்தார்கள். 85 பேரில் 75 பேருக்கு ஒரு மாதத்தில் சட்டென்று ஏறிவிட்டது. தாளில் ‘காப்பு இல்லை’ என்று காட்டியவர்களுக்கும் உள்ளே நினைவு அழியவில்லை.

தமிழ்நாட்டுக்கு இது இப்போதுதான் நேரடிக் கேள்வியாகிறது. அரசின் குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைட்டிஸ் பி பரவலாகச் சேர்ந்தது 2007–08இல். தமிழ்நாடு அப்போதைய 10 மாநிலங்களில் ஒன்று. 2011 டிசம்பரில் கேரளத்தோடு சேர்ந்து தமிழ்நாடுதான் இதையும் சேர்த்து ஐந்து நோய்க்கான ஒற்றை ஊசியை முதலில் கொண்டுவந்தது. 2008இல் பிறந்த குழந்தைக்கு 2026இல் 18 வயது. மருத்துவக் கல்லூரிக்கும் நர்சிங் பள்ளிக்கும் ஆலைப் பயிற்சிக்கும் இனி வரப்போகிறவர்கள், அரசு ஊசியோடு வளர்ந்த முதல் தலைமுறை. அவர்களில் பலருக்கு டைட்டர், அதாவது இந்த ஆன்டிபாடி எண், பார்த்தால் 10க்குக் கீழேதான் இருக்கும். அதைப் பார்த்துப் பதறி மூன்று டோஸையும் மறுபடி தொடங்குவது வீண். ஒரே ஒரு டோஸ் போட்டு, ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் நினைவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அவர்களுக்கு முந்தைய தலைமுறையில் பலரும் இந்த ஊசியைப் பார்த்ததே இல்லை. தொலைதூர மாநிலங்களிலிருந்து கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு வரும் முப்பது வயதுக்காரருக்கும் அதே நிலைதான்.

ஊசி பிடிக்காமல் போகிறவர்களும் உண்டு. ஆரோக்கியமான பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேர். நாற்பது வயதைத் தாண்டியவர், பருமன் உள்ளவர், புகைப்பவர், ஆண்கள் இவர்களிடம் இது அதிகம். பட்டியலைப் பார்த்தால் ஆலை ஷிப்டில் பாதிப் பேர் அதில் வந்துவிடுவார்கள் என்று தோன்றுகிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் உடல் சரியாகப் பதில் சொல்லாது. அவர்களுக்கு டோஸை இரட்டிப்பாக்கி, ஆண்டுதோறும் டைட்டர் பார்க்கிறார்கள். சில நேரம் குற்றம் உடம்பில் இல்லை, ஊசி போட்ட இடத்தில். இந்தத் தடுப்பூசியைப் புட்டத்தில் போட்டால் கொழுப்பில் தங்கி வீணாகிறது என்று 1985இலேயே அமெரிக்காவில் கண்டுபிடித்துவிட்டார்கள். தோளில்தான் போட வேண்டும். ஊசி என்றாலே இடுப்பை நீட்டும் நம் ஊருக்கு இது முக்கியம். இன்னொன்று குளிர். சூட்டைவிட உறைநிலை இதற்கு எதிரி. ஃப்ரிட்ஜின் பனிப்பெட்டியை ஒட்டி வைத்து உறைந்துபோன குப்பி, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் செத்ததுதான்.

முதல் மூன்று டோஸுக்கும் ஏறாதவருக்கு இன்னொரு மூன்று டோஸ். பாதிக்கு மேல் பேருக்கு அப்போது ஏறிவிடும். அதற்கும் ஏறாதவரிடம் ஹெச்பிஎஸ்ஏஜி பார்க்க வேண்டும்; ஏற்கெனவே வைரஸைச் சுமப்பவருக்கு எத்தனை ஊசி போட்டாலும் எண் ஏறாது. தொற்றும் இல்லை, எண்ணும் ஏறவில்லை என்றால் அவர் வேலையை விட வேண்டியதில்லை. தனக்குக் காப்பு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி காப்பில்லாதவர் விரலில் குத்தினால் நூற்றுக்கு ஆறிலிருந்து முப்பது பேருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றுகிறது; எச்.ஐ.வி.க்கு அது ஆயிரத்துக்கு மூன்று. அப்போது அவருக்குப் பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த ஆயத்த ஆன்டிபாடியை, இம்யூனோகுளோபுலினை, முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். விலை அதிகம், சிறிய ஊர்களில் உடனே கிடைக்காது. குத்திய பிறகு விசாரித்துக்கொண்டிருக்க நேரமில்லை.

ஊசிக்குப் பின் ஒரு முறை 10க்கு மேல் என்று பதிவானவருக்கோ இதில் எதுவும் தேவையில்லை. விரலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஹெபடைட்டிஸ் பி பற்றிய கவலை இல்லாமல் மற்றவற்றைப் பார்க்கலாம். திரும்ப டைட்டர் பார்ப்பதுகூட அவசியமில்லை. அந்த ஒரு தாளுக்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் ஒப்பந்ததாரர் மாறும்போது கோப்பும் காணாமல் போகிறது, புதிய இடத்தில் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. தாளைத் தொழிலாளியிடமே கொடுத்து, அவருடைய போனில் ஒரு படம் எடுத்து வைக்கச் சொன்னால் போதும். படத்தில் மூன்று விஷயம் தெளிவாகத் தெரிய வேண்டும்: கடைசி டோஸ் போட்ட தேதி, ரத்தம் எடுத்த தேதி, வந்த எண்.